நனைந்த பிறகு பாருங்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வார்ஃப் ஆற்றில் ஃப்ளை எனும் போலிப் பூச்சி கட்டி ட்ரவுட் மீன் பிடிப்பவரின் பெட்டியை முதன்முதலில் பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். தூண்டில் முள்ளின் மேல் ஆரஞ்சுப் பட்டுநூல், தலைப்பக்கம் கவுதாரி இறகு இரண்டு சுற்று. ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ என்பது அவ்வளவுதான். இறக்கை இல்லை, வால் இல்லை, மினுக்கு இல்லை. டி.இ. பிரிட் 1885இல் தொகுத்த யார்க்‌ஷயர் ஃப்ளைகளின் புத்தகத்திலேயே இது இருக்கிறது. இன்றும் மீன் இதற்கு மயங்குகிறது.

கையில் வைத்து அதை எடைபோடாதீர்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே விடுங்கள். பட்டு நனைந்ததும் பளீர் ஆரஞ்சு அடங்கிப் பழுப்பேறும். டம்ளரை லேசாக அசைத்தாலே இறகின் இழைகள் ஒடுங்கி விரியும். ஆற்றடிக் கற்களிடையே மாதக்கணக்கில் வளர்ந்த மேஃப்ளை பூச்சி, தோலுரித்துப் பறப்பதற்காக மேலே வரும்போது கால்கள் துடிப்பது இப்படித்தான். தப்பி ஓட முடியாத அந்த நேரத்தில்தான் ட்ரவுட் அதைப் பிடிக்கும். இறகை நாலைந்து சுற்று அடர்த்தியாகக் கட்டினால் இந்த உயிரோட்டம் போய்விடும். அப்படிக் கட்டிய ஃப்ளையை நான் வாங்கவே மாட்டேன்.

அடுத்து தண்ணீர். வேக ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிச் செல்லும் கோட்டைத் தேடுங்கள். மெதுவான பக்கம் நின்றுகொண்டு, வேகமான பக்கம் அடித்துவரும் இரைக்காக ட்ரவுட் காத்திருக்கும், முகம் ஓட்டத்தை எதிர்த்தபடி. அதனால்தான் ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.சி. ஸ்டூவர்ட், 1857இல் வெளிவந்த தம் நூலில், மீனுக்குப் பின்னாலிருந்து ஆற்றின் மேல்பக்கம் பார்த்து வீசச் சொன்னார். எவ்வளவு தூரம் வீசுகிறார்கள் என்பதில் ஒன்றுமில்லை. ஆறேழு மீட்டர் போதும். விழுந்த ஃப்ளை தண்ணீரின் வேகத்திலேயே வருகிறதா என்று பாருங்கள். தூண்டில் கயிறு நீரில் படிந்து இழுபட்டால் ஃப்ளையும் தாறுமாறாக ஓடும், ட்ரவுட் சீண்டாது.

மீன் கவ்வுவது பெரும்பாலும் தெரியாது. மிதந்துவரும் கயிற்றின் நுனி சட்டென்று நிற்கும், அல்லது நீருக்கடியில் மஞ்சளாக ஏதோ புரளும். தூண்டில் கோலை உயர்த்த வேண்டியது அப்போதுதான்.

வலையில் விழுந்த மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். விலாவில் சிவப்புப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி வெளிறிய வளையங்கள். ஒரு மீனின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு இராது. பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட மீன்களுக்குப் பெரும்பாலும் துடுப்பு தேய்ந்திருக்கும். ஆற்றிலேயே பிறந்ததற்கு ஓரம் வரை முழுசாக விரியும். தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை பட்டால் அதன் வழவழப்புப் படலம் உரியும். பின்கொக்கி இல்லாத முள்ளாக இருந்தால் ஒரு திருப்பில் கழன்றுவிடும், மீனை வெளியே தூக்கவே வேண்டாம்.