இரட்சணிய யாத்திரிகத்தில் மரண அச்சமும் ஆறுதலும்

ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' (1678) நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. பனியனிடம் மரண அச்சம், பயணத்தின் முடிவில் பாலமில்லா ஆற்றைக் கடக்கும் காட்சியாக அமைகிறது. மூழ்கத் தொடங்கும் பயணியை உடன்வரும் தோழன் தாங்குகிறான். கிருஷ்ணபிள்ளையோ, மூலத்தில் விரிவாக இடம்பெறாத கிறிஸ்துவின் பாடுகளையும் சிலுவை மரணத்தையும் குமார பருவத்தில் விரித்துரைக்கிறார். இதனால் பயணி அஞ்சும் மரணம், தலைவன் முன்னரே ஏற்றுக் கடந்த மரணமாகிறது. இச்சேர்க்கையைக் காப்பிய மரபுக்கு இயைந்த விரிவாக மட்டும் கொள்வது போதாது. நூல் தரும் ஆறுதலுக்கு அடிப்படை இதுவே.

நூல் எழுந்த காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகாசிப் பகுதியின் இன்றைய சூழலில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய திடீர்ச் சாவில் மனத்தை ஆயத்தப்படுத்தவோ, தோழன் கைகொடுக்கவோ பொழுதில்லை. ஆற்றுக் காட்சி தரும் ஆறுதல் இங்குப் பொருந்துதல் அரிது. குமார பருவம் பொருந்தும். அது கூறுவதும் குற்றமற்றவர் அடைந்த வன்சாவையே. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை வழங்கும்போதும், தீர்ப்பளித்தோரின் அநீதியை அப்பருவம் மறைப்பதில்லை. ஆகவே, துயருற்றோர் அதில் ஆறுதல் பெறுவதோடு, தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளுக்குப் பொறுப்பானோர் யார் என்று வினவவும் காப்பியம் இடந்தருகிறது எனலாம்.