ஆமையை வெட்டியது யார்?

எல்.கே.ஜி. பிள்ளை இருக்கும் சென்னை வீடுகளுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. இரவு எட்டரை மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும்: நாளைக்கு 'புளூ டே', கடல்வாழ் உயிரினம் ஒன்றைக் காகிதத்தில் செய்து அனுப்பவும். மயிலாப்பூர் மாட வீதியிலோ தி.நகர் பாண்டி பஜாரிலோ கடை அடைப்பதற்குள் ஓடி, சார்ட் பேப்பரும் ஃபெவிகாலும் பிளாஸ்டிக் கண்ணும் வாங்கி வருவார் அப்பா. வெட்டுவது அம்மா. பிள்ளை அதற்குள் தூங்கியிருக்கும். மறுநாள் வகுப்புச் சுவரில் வரிசையாகச் சிரிக்கும் ஆக்டோபஸ்கள் எல்லாம் பெற்றோர் கைவேலைதான்.

இதே ஊருக்குத்தான் 1939-ல் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வந்தார். பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, அடையாறில் அந்தச் சபையின் வளாகத்தில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். பிள்ளை தன் கையாலேயே செய்யட்டும், பெரியவர் தள்ளி நின்று பார்க்கட்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். 1944-ல் கொழும்பிலும் அவர் வகுப்பு நடத்தினார். இன்றும் இலங்கையில் பலர் முன்பள்ளியை 'மொண்டிசோரி' என்றே சொல்கிறார்கள். ஆக, இரு கரைக்கும் ஆசான் ஒருவர்தான்.

வித்தியாசம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. இலங்கையில் காகித வேலை வீட்டுப் பழக்கம். மே மாதப் பௌர்ணமியில் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வந்தால், மூங்கில் சிம்பு கட்டி, வண்ண டிஷ்யூத் தாள் ஒட்டி விளக்குக் கூடு செய்யாத சிங்களத் தெரு குறைவு. வடக்கே யாழ்ப்பாணத்தில் அந்த இடம் பட்டத்துக்கு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பறவை, கப்பல் என விதவிதமான உருவங்கள் வானில் ஏறும். மாமா சிம்பு சீவ, அண்ணன் கோதுமை மாவில் பசை காய்ச்ச, பக்கத்தில் உட்கார்ந்து தாளைக் கிழித்துப் பார்த்த மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்பள்ளியில் மீன் ஒட்டுவது புது வித்தை அல்ல. கிழிப்பதும் கசக்குவதும் தடவுவதும் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டன.

சென்னையில் அப்படிப்பட்ட வீட்டு வேலை அருகிவிட்டது. மாஞ்சா நூல் உயிர்களைப் பறித்த பிறகு காற்றாடிக்குக் காவல்துறை கெடுபிடி, அது நியாயமானதும்கூட. கொலுவுக்குப் பொம்மை கடையில் கிடைக்கிறது. பனையோலையில் மீன் முடையத் தெரிந்த பாட்டிகள் குறைந்துவிட்டார்கள்.

இலங்கையில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆண்டு முடிவில் முன்பள்ளிக் கண்காட்சி என்று ஒன்று உண்டு. பெற்றோர் பார்க்க வருவார்களே என்று ஆசிரியைகள் இரவோடு இரவாகப் பிள்ளைகளின் மீனுக்குச் செதில் ஒட்டித் திருத்துவார்கள். அவசரம் இங்கே அம்மாவுக்கு, அங்கே ஆசிரியைக்கு.

அடுத்த கேள்வி, எந்த உயிரினம் என்பது. நம் சார்ட்டுகளில் திமிங்கலமும் ஆரஞ்சு வரி மீனும்தான். பட்டினப்பாக்கம் கடற்கரையில் கிடைக்கும் சங்கரா, நெத்திலி, நண்டு எதற்கும் இடமில்லை. வீட்டில் மீன் வாங்காதவர்களும் பிள்ளையை ஒருநாள் காலை அங்கே கூட்டிப் போய் வேடிக்கை காட்டலாம். ஆமையைப் பச்சைத் தாளில் வெட்டி, நிலத்தாமைக்கு இருப்பதுபோல நான்கு குட்டைக்கால் ஒட்டுகிறோம். பெசன்ட் நகர் மணலில் முட்டையிட வருவது பங்குனி ஆமை. சாம்பல் கலந்த மங்கிய ஓடு, முன்னால் இரண்டு நீண்ட துடுப்பு, பின்னால் இரண்டு சிறியவை. இலங்கைக் கரையில் பேராமை, அழுங்காமை உட்பட ஐந்து வகை முட்டையிடுகின்றன. அங்கே பிள்ளை எந்த நிறத்தில் வெட்டினாலும் ஏதாவது ஒன்றுக்குப் பொருந்தும்!

பொருள்களையும் பார்க்க வேண்டும். 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது பிளாஸ்டிக் குருணை கரையெங்கும் குவிந்தது, செத்த ஆமைகளும் ஒதுங்கின. கடலைப் பற்றிச் சொல்லித்தரும் வேலைக்கு மினுமினுப்புத் தூளும் பிளாஸ்டிக் கண்ணும் எதற்கு? கண்ணுக்கு மிளகு ஒட்டலாம் என்பார்கள். எதையும் மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது அது. கண்ணை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் போதும்.

முதல் வேலையாக நண்டைத்தான் சொல்வேன். இரண்டு உள்ளங்கையிலும் சிவப்பு வண்ணம் தடவி, அடிப்பக்கங்கள் சேர்ந்து, விரல்கள் இருபுறமும் விரியும்படி தாளில் பதிக்கச் சொல்லுங்கள். எட்டு விரல் எட்டுக் கால், மேலே நிற்கும் கட்டைவிரல்கள் கண்தண்டு. கொடுக்கு இரண்டை மட்டும் கிழித்து ஒட்டினால் நண்டு தயார். கத்தரிக்கோலே வேண்டாம்.

ஆமைக்குப் பங்குனி வரை பொறுங்கள். அப்போது பெசன்ட் நகரில் பொரிப்பகக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். பிள்ளை பார்த்துவிட்டு வந்து செய்யட்டும். துடுப்பு கோணலாக இருந்தாலும் திருத்தாமல் அனுப்புங்கள். பள்ளிகளுக்கு ஒன்று: அந்த இரவுச் செய்தியை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் வகுப்பிலேயே ஒதுக்குங்கள்.