எலுமிச்சை இருக்க ஜெலட்டின் எதற்கு?

அமெரிக்க சமையல் புத்தகங்களில் 'கூட்டத்துக்கு' என்று ஒரு அத்தியாயம் அடிக்கடி தட்டுப்படும். அதில் எலுமிச்சை சீஸ்கேக்குக்கு ஒரு இடம் உண்டு. அவனே வேண்டாத வகையைச் சொல்கிறேன்.

கணக்கு ரொம்ப சுலபம். 225 கிராம் க்ரீம் சீஸ், 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டப்பா, 80 மில்லி எலுமிச்சைச் சாறு. பொடித்த பிஸ்கட்டை வெண்ணெயில் பிசறி தட்டின் அடியில் அழுத்தி, மேலே இந்தக் கலவையை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் தீர்ந்தது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியும் என்பது பன்னீர் செய்கிற எல்லோருக்கும் தெரியும். இங்கே பால் ஏற்கெனவே சுண்டி, சர்க்கரையோடு இருப்பதால் திப்பிதிப்பியாகப் போகாமல் வழுவழுவென்று இறுகுகிறது. அடுப்பு செய்ய வேண்டிய வேலையைப் புளிப்பு செய்துவிடுகிறது. இதற்கு நூறு மார்க் கொடுக்கலாம்.

கூட்டம் என்றதும்தான் சில புத்தகங்கள் சறுக்குகின்றன. 'எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கவும்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதே வட்டப் பாத்திரத்தில் இரண்டு மடங்கு உயரத்துக்கு ஊற்றினால் என்ன ஆகும்? குளிர் நடுவில் போய்ச் சேர ஆகும் நேரம், ஆழத்தின் வர்க்கத்தோடு ஏறும். இரட்டை ஆழம் என்றால் ஏறக்குறைய நாலு மடங்கு நேரம். விருந்தினர் எதிரே வெட்டினால் நடுவில் பாயசம்! அதனால் உயர்த்தாதீர்கள், அகலப்படுத்துங்கள். 9 அங்குலத்துக்கு 13 அங்குலத் தட்டில் இரட்டை அளவு அடங்கும். ஆழம் பழைய ஆழம்தான். 24 துண்டு போடலாம்.

இதைச் சொல்லாமல் சிலர் 'எதற்கும் ஜெலட்டின் சேர்த்துவிடுங்கள்' என்கிறார்கள். என் பெரிய புகார் இதுதான். ஜெலட்டின், மாடு, பன்றி இவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. நாலு பேருக்குச் செய்தால் யாருக்கு எது ஆகாது என்று தெரியும். நாற்பது பேரில்? சைவர் இருப்பார், முஸ்லிம் இருப்பார், யூதர் இருப்பார். பாலும் எலுமிச்சையும்தானே என்று நம்பி ஒரு துண்டு எடுத்துக்கொள்வார். கேட்கக்கூடத் தோன்றாது அவருக்கு. அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஒரு ஸ்பூன் பொடி போதும்.

இன்னும் கெட்டியாகத்தான் வேண்டும் என்றால் கடல்பாசி இருக்கிறது, கொதிக்கவைத்துக் கரைத்துச் சேருங்கள். எத்தனை பேருக்கு என்று எல்லாப் புத்தகமும் போடுகிறது. யார் யாருக்கு என்று யோசித்து எழுதிய புத்தகம் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, எலுமிச்சைத் தோலையும் துருவிப் போடுங்கள். வாசனை அதில்தான். மஞ்சள் மட்டும்; வெள்ளை கசக்கும்.