இரண்டு கோடு பட்டன்

முதலில் உங்களுக்கு ஒரு பரீட்சை. பேப்பர், பேனா வேண்டாம். பதிலை மனசுக்குள் சொன்னால் போதும்.

மே மாசம் வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது?

'பூமி சூரியனுக்குப் பக்கத்துல போகுது, அதான்' என்று சொன்னீர்களா? வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குத் துணைக்குப் பெரிய படிப்பு படித்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

1987-ல் 'எ பிரைவேட் யூனிவர்ஸ்' என்று ஒரு டாக்குமெண்டரி வந்தது. ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்துக்காரர்கள் எடுத்தது. சுமார் இருபது நிமிஷம்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா. அங்கியும் தொப்பியுமாக நிற்பவர்களிடம் மைக்கை நீட்டி, கோடைக்காலம் ஏன் வருகிறது, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்று கேட்கிறார்கள். மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என்று 23 பேர். அதில் 21 பேர் தப்பாகச் சொன்னார்கள். அதுவும் திக்கித் திணறியெல்லாம் இல்லை. சிரித்த முகத்தோடு, கையை ஆட்டி, அடித்துச் சொன்னார்கள்.

உண்மை என்ன? பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை ஆரம்பத்தில் அது 15.2 கோடி. அதாவது, மார்கழிக் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கோலம் பார்க்கிறோமே, அப்போதுதான் சூரியன் பக்கத்தில் இருக்கிறான்! வெயிலுக்குக் காரணம் பூமி 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுவது. அந்தச் சாய்வால் ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறான். வாங்கிய சூட்டைத் தரை சேர்த்து வைத்துக்கொண்டு மே மாசம் நம்மை வறுக்கிறது.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். இந்தக் கணக்கு, இந்தப் படத்தைப் பார்க்கும்வரை எனக்கும் தப்பாகத்தான் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பூமி சாய்ந்த படத்தை வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன் என்பதுதான் கூத்து.

படத்தின் நெஞ்சு ஹார்வர்டு காட்சி இல்லை. அதற்குப் பிறகு வரும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி. பூமி சுற்றும் பாதையை வரைந்து காட்டு என்றால் என்னமோ முறுக்குப் பிழிகிற மாதிரி வரைகிறாள். எப்போதோ புத்தகத்தில் பார்த்த வேறொரு படம் மண்டைக்குள் போய் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீச்சர் பாடம் நடத்துகிறார். பாதையைத் திருத்திக்கொள்கிறாள். ஆனால் சூரியக் கதிர் எங்கேயோ பட்டுத் தெறித்து வருகிறது என்கிற அவளுடைய சொந்த நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. பாடத்தையும் கற்றுக்கொண்டாள், தப்பையும் விடவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி போர்ஷனில் குடியிருக்கின்றன!

இந்தப் படத்தில் குறை இல்லையா? இருக்கிறது. விழா நாளில், அங்கி போட்ட சந்தோஷத்தில் இருப்பவனிடம் திடீரென்று மைக்கை நீட்டினால் யாருக்குமே உளறல் வரும். அதை நெற்றிப்பொட்டில் அடிக்கிற மாதிரி முதல் காட்சியாக வைத்தது கொஞ்சம் போங்கு. நோயை இவ்வளவு நன்றாகச் சொன்னவர்கள் மருந்தைச் சொல்வதில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார்கள். இருந்தாலும் நான் பார்த்த கல்விப் படங்களில் இதற்குத்தான் முதலிடம். காரணம், இது பாடம் நடத்துவதற்கு முன்னால், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. சுவர் அகலத்துக்கு ஸ்க்ரீன். லைட்டை அணைத்தார்கள். ஜீரண மண்டலம் முப்பரிமாணத்தில் பளபளவென்று வந்தது. பின்னணியில் ஒரு வெண்கலக் குரல் மூச்சு விடாமல் பேசியது. டீச்சர் ஓரமாக உட்கார்ந்து கம்போசிஷன் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிஷம். லைட் போட்டார்கள். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸ். பெல் அடித்தது. என் பக்கத்தில் இருந்த பையனிடம் மெதுவாக, "சாப்பாடு எங்கேப்பா ஜீரணமாக ஆரம்பிக்குது?" என்றேன். "வயித்துல அங்கிள்" என்றான். வாயிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்பதை அந்த வெண்கலக் குரல் இரண்டாவது நிமிஷமே சொல்லியிருந்தது.

டீச்சரைத் திட்ட மாட்டேன். அறுபது நோட்டு திருத்த அவருக்கு வேறு நேரம் கிடையாது. பையனும் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

யூடியூபில் 'வெரிடாசியம்' சானல் நடத்தும் டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-ல் முடித்த டாக்டர் பட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். விசை பற்றிய இயற்பியல் பாடம். மாணவர்களுக்கு ஒரு தெளிவான வீடியோ காட்டினார். 'அருமை, ஈஸியாப் புரியுது' என்றார்கள். பார்ப்பதற்கு முன் டெஸ்டில் சராசரி மார்க் 26-க்கு 6. பார்த்த பிறகு 6.3! அடுத்து இன்னொரு வகை வீடியோ. அதில் ஒருவர், பையன்கள் வழக்கமாக நினைக்கும் தப்பையே சொல்கிறார். இன்னொருவர் மடக்குகிறார். வாக்குவாதம். பார்த்தவர்கள் 'குழப்பமா இருக்கு' என்றார்கள். மார்க்? சுமார் 11.

பல கல்வி வீடியோக்கள் குழப்பமே வராமல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி தயாராகின்றன. வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அதே வழியாக வெளியேயும் போய்விடுகிறது.

இன்னொரு விஷயம். ஸ்க்ரீனில் வருவதெல்லாம் நிஜம் என்று குழந்தைகள் நம்புவார்கள். நாமும்தான். டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' 1958-ல் வந்த டாக்குமெண்டரி. ஆஸ்கர் வாங்கியது. இந்த வரிசைப் படங்கள் 16 எம்.எம். பிரதிகளாக அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்கும் போயின. அதில் லெம்மிங் என்ற எலி மாதிரி பிராணிகள் கூட்டமாக மலை விளிம்பிலிருந்து கடலில் விழுந்து சாகின்றன. 1982-ல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி குட்டை உடைத்தது. படம் எடுத்த இடம் ஆல்பெர்ட்டா மாகாணம். அங்கே கடலே கிடையாது! அந்த லெம்மிங்குகள் அந்த ஊர்ப் பிராணிகளும் இல்லை. வெளியிலிருந்து வாங்கி வந்து, ஆற்றங்கரை மேட்டிலிருந்து படக்குழுவே தள்ளிவிட்டிருக்கிறது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

'இதை யார் எடுத்தாங்க? கேமரா எங்கே நின்னுச்சு?' இந்த இரண்டு கேள்வியைக் கேட்கப் பழக்கிவிட்டால், பிற்காலத்தில் செல்போனில் வரும் பாதி வதந்தியிடமிருந்து பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள்.

வீடியோவே வேண்டாம் என்கிறேனா? ஐயையோ, இல்லை. எரிமலையையும், துடிக்கிற இதயத்தையும் சாக்பீஸால் காட்ட முடியாது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. அடுத்த வருஷமே கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது, இன்டர்நெட் இல்லாத வீட்டுக்கும் பாடத்தைக் கொண்டுபோனது. நல்ல காரியம். ஆனால் டிவியில் ஓடும் பாடத்தைக் கை தூக்கி நிறுத்த முடியாது. சந்தேகம் வந்தவன் சந்தேகத்தோடேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வகுப்பறையில் அந்தக் கஷ்டம் இல்லை. ரிமோட்டில் இரண்டு கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கிறதே, பாஸ் பட்டன். பல லட்சம் செலவழித்து வாங்கிய ஸ்மார்ட் கிளாஸில் பைசா செலவில்லாத சமாச்சாரம் அது ஒன்றுதான்.

போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் பதிலை நோட்டில் எழுதட்டும். நடுவில் நிறுத்தி, 'இப்ப அடுத்து என்ன ஆகும்?' முடிந்ததும், 'முன்னாடி எழுதினியே, அது சரியா?' அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிஷப் படம் நாற்பது நிமிஷம் இழுக்கும். இழுக்கட்டும்.

உங்கள் பிள்ளை இன்றைக்கு வீட்டுக்கு வந்து 'ஸ்கூல்ல வீடியோ பார்த்தோம்' என்றால், 'நல்லா இருந்துச்சா?' என்று கேட்காதீர்கள். 'மிஸ் எத்தனை தடவை நிறுத்தினாங்க?' என்று கேளுங்கள்.

பாஸ் பட்டனை அழுத்தினால்தான் பிள்ளை பாஸ்.