டைஎலெக்ட்ரோபோரெசிஸ்: பெயரும் பொருளும்

மயிரிழை போன்ற கால்வாய்களில் உயிரணுக்களை ஓடவிட்டு, மின்புலத்தால் அவற்றை இனம் பிரிக்கும் கருவிகள் இன்று ஆய்வுக்கூடங்களில் பெருகியுள்ளன. அவற்றுட் பலவற்றுக்கு அடிப்படையான நிகழ்ச்சிக்கு ‘டைஎலெக்ட்ரோபோரெசிஸ்’ என 1951-இல் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் போல் என்பார். 1978-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது நூலுக்கும் அதுவே தலைப்பு. நூலின் பெருமையை மறுப்பாரில்லை. ஆயின் தலைப்புக் குறையுடையது.

அச்சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்தால் ‘மின்கடத்தாப் பெயர்ச்சி’ என வரும். இதைப் படிக்கும் மாணவன், மின்சாரத்தைக் கடத்தாத பொருள் நகர்கின்றது என்றே கொள்வான். 1966-இல் அவரும் ஹாக் என்பாரும் செய்துகாட்டிய சோதனையோ வேறு கதை சொல்கின்றது. உயிருள்ள ஈஸ்ட் அணுக்களும் செத்தவையும் கலந்த நீரில், மின்முனையை நாடிச் சேர்ந்தவை உயிருள்ளவையே. (‘செத்த உயிரணு’ என்று எழுத நேர்வது நம் கலைச்சொல்லின் வேடிக்கை.) அணுவின் தோல் மின்சாரத்தைத் தடுப்பது, அகத்திலுள்ள உப்புநீர் கடத்துவது. இறந்தபின் தோல் பழுதுற்று உப்பு வெளியேறிவிடும். விரைந்து மாறும் மின்புலம் தோலைக் கடந்து உட்புகும்போது, கடத்தும் அகமே அணுவை ஈர்ப்புக்கு உட்படுத்துகின்றது. ஆகவே ‘கடத்தா’ என்பது பாதி உண்மைதான்.

இன்னொரு செய்தி சூழ்ந்துள்ள நீரில் இருக்கின்றது. சர்க்கரைக் கரைசலில் இழுக்கப்படும் அதே அணு, உப்புக் கரைசலில் தள்ளப்படும். அணு மாறவில்லை, நீர் மாறிற்று. 1995-இல் ஹூஸ்டன் நகரில் கேஸ்காய்ன் குழுவினர் இரத்த அணுக்களினின்றும் மார்பகப் புற்றணுக்களைப் பிரித்ததும் மின்கடத்தல் குறைந்த சர்க்கரைக் கரைசலில் இட்டே. சாயமேற்றாது அணுவை அதன் இயல்பாலேயே பிரிக்கும் முறை என்று புகழ்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

நூலின் துணைத்தலைப்புத் தலைப்பினும் நேர்மையானது. மின்னேற்றமற்ற பொருள் சீரற்ற மின்புலத்தில் நடந்துகொள்ளும் விதத்தை அது சுட்டுகின்றது. ‘சீரற்ற’ என்பதே இங்கு உயிர்ச்சொல். ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கும் புலமே அத்தகைய பொருளை நகர்த்தும். எங்கும் சமமான புலத்தில் அது நின்ற இடத்திலேயே நிற்கும். நுண்கால்வாய்களில் மின்முனைகளை நெருக்கி அமைப்பதும் இந்த ஏற்றத்தாழ்வைச் சில வோல்ட்டிலேயே மிகுவிப்பதற்குத்தான்.

எனவே தமிழில் ‘மின்புலச் சரிவுப் பெயர்ச்சி’ என்று ஆள்வது பொருந்தும். சொல் நீளம் என்பார் உளர். மூலச்சொல் மட்டும் குறுகியதா?