முக்காலே மூணு வீசம்

"வீட்டு வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்று இன்றும் சொல்கிறோம். கிட்டத்தட்ட எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். சரி, பாக்கி எவ்வளவு? கேட்டால் பலரும் முழிப்பார்கள். வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்காலோடு மூன்று வீசத்தைச் சேர்த்தால் பதினாறில் பதினைந்து. பாக்கி ஒரே ஒரு வீசம். சொல் நாக்கில் தங்கிவிட்டது, கணக்கு போய்விட்டது.

இப்படிப் போன கணக்குகளை எண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? மூன்று நூல்களை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குள் ஓடிய கேள்வி இதுதான்.

முதலாவது ஜார்ஜ் இஃப்ராவின் எண்களின் உலக வரலாறு. 1981இல் பிரெஞ்சில் வந்து, பின்னர் பெரிதாக விரிந்த நூல். இஃப்ரா கணித ஆசிரியர். எண்கள் எங்கிருந்து வந்தன என்று மாணவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டவர். எலும்பில் கீறிய கோடுகள், சுமேரியக் களிமண் வில்லைகள், சீனர்களின் கணக்குக் குச்சிகள், இன்கா மக்களின் முடிச்சுக் கயிறுகள், மாயர்களின் இருபதடி எண்கள் என்று ஒரு பொருட்காட்சியே திறந்துவிடுகிறார். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும்.

ஆனால் அந்தக் காட்சிக்கு நடுவே ஓர் ஏணி நிற்கிறது. கீழ்ப்படியில் கீறல், உச்சியில் பூஜ்ஜியமும் இடமதிப்பும். மற்ற முறைகளெல்லாம் உச்சிக்கு வந்து சேராதவை. ரோமன் எண்களை வைத்துப் பெருக்க முடியாது என்பது இந்த ஏணிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. ரோமில் யார் அந்த எழுத்துகளை வைத்துப் பெருக்கினார்கள்? கணக்குப் பலகையில் காய்களை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். வந்த விடையை எழுத்தில் பதிந்தார்கள். ரசீதுப் புத்தகத்துக்குக் கூட்டத் தெரியவில்லை என்று கோபித்துக்கொள்வது போன்றதுதான் இந்தக் குறை.

இந்த ஏணியைக் கழற்றிப் போடுகிறவர் மானிடவியலாளர் ஸ்டீபன் கிரிசோமாலிஸ். நூற்றுக்கும் மேற்பட்ட எண் குறியீட்டு முறைகளை ஒப்பிட்ட அவருடைய பெரிய நூல் 2010இல் வந்தது, 2020இல் இன்னொன்று. ஒரு முறை பிழைப்பதும் மறைவதும் கணக்குப் போடும் வசதியால் மட்டும் தீர்வதில்லை என்கிறார். ஃபிபொனாச்சி இந்திய இலக்கங்களை இத்தாலிய வணிகர்களுக்கு விளக்கி எழுதியது 1202இல். 1299இல் ஃபுளோரன்ஸ் நகர நாணய மாற்றுக்காரர்களின் சங்கம் கணக்கேடுகளில் அவற்றை எழுதக் கூடாது என்று தடை போட்டது. அச்சும் எழுத்தறிவும் பரவிய பிறகுதான் ரோமன் எண்கள் பின்வாங்கின. வசதி மட்டுமே காரணம் என்றால் எதற்கு அந்த முந்நூறு ஆண்டு? பாபிலோனியர்கள் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே அறுபதடி இடமதிப்பில் எழுதினார்கள். அந்த எழுத்தும் மறைந்துதான் போனது.

இதை வைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்பினால் வேறு மாதிரித் தெரிகிறது. பழைய தமிழ் முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு. 2345 என்பது ௨௲௩௱௪௰௫. வாய் சொல்வதையே கை எழுதுகிறது. 2005 என்றால் ௨௲௫; பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஏணியை நம்புகிறவருக்கு இது கீழ்ப்படி. அந்த வெட்கத்தில்தான் "பூஜ்ஜியமே நாங்க குடுத்தது" என்று ஒருவர் மார்தட்டுகிறார். இன்னொருவர் அணுவரை நீளும் பின்னப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இருவரும் அதே ஏணியில்தான் இடம் கேட்கிறார்கள். யூனிகோடில் தமிழ்ச் சுழியம் ஏறியது 2005இல். நாம் வாழ்ந்த பின்னங்களின் குறிகள் ஏற 2019 ஆனது.

கிரிசோமாலிஸின் கவனம் எழுதிய குறிகளின் மேல். நம் கணக்கோ பெரும்பாலும் வாயில் இருந்தது. அந்த இடத்தில் செந்தில் பாபு வேண்டும். தென்னிந்தியாவின் எண்களையும் அளவைகளையும் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2022இல் வந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். முந்திரி என்பது 320இல் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் பதினாறில் ஒன்று. அதன் பெயரே மாகாணி! பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது. இதை வெறும் உருப்போடல் என்று ஒதுக்கிவிட முடியாது. நினைவே ஒரு கற்றல் முறையாக இயங்கியது என்கிறார் செந்தில் பாபு.

பெருமைப்பட்டு இங்கேயே நின்றுவிடலாம். ஆனால் இந்தப் பின்னங்கள் எதற்காக? நிலம், நெல், வரி, கூலி ஆகியவற்றைப் பங்கு பிரிக்க. களத்துமேட்டில் அறுத்தவர் ஒருவர், அளந்தவர் ஒருவர், ஓலையில் எழுதியவர் மற்றொருவர். முந்திரிக் கணக்குத் தெரிந்தவர் சொன்னதுதான் தெரியாதவருக்குக் கிடைத்த பங்கு. கணிதத்தைச் சாதியிலிருந்தும் உழைப்பிலிருந்தும் பிரித்துப் பார்க்காததே செந்தில் பாபு நூலின் பலம். நடை ஆய்வேட்டு நடைதான், பொறுமை வேண்டும்.

ஒரு ரூபாயில் வீசம் என்றால் ஓர் அணா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு காசானதும், அணாவோடு வீசத்துக்கும் வேலை போயிற்று. அது பூஜ்ஜியத்திடம் எந்தப் போட்டியிலும் தோற்கவில்லை. அதைக் கேட்டு வாங்கிய சந்தை போய்விட்டது, அவ்வளவுதான்.

இஃப்ராவை முதலில் படியுங்கள், பசி எடுக்கும். ஆனா அதோட நிறுத்திடாதீங்க. மற்ற இரண்டையும் படித்த பிறகு, எந்த எண் முறை உயர்ந்தது என்று கேட்கத் தோன்றாது. இதை வைத்து யார், எதை, யாருக்கு அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.