ஈரறம் பொருந்திய இல்லம்: தேம்பாவணியில் ஐயமும் தெளிவும்

மரக்காணத்து உப்பளக் கரை தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு நத்தத்தனார் வழிகூறும்போது குறிக்கும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் பலர் கொள்வர். அங்கே பரதவர் இல்லங்கள் வழிவந்தோர்க்குத் தேறலும் சுட்ட மீனும் நல்கி விருந்தோம்புகின்றன. அப்பாட்டே கொற்கையைப் புகழுமிடத்து, உப்பு வண்டியொடு செல்லும் உமணர், மந்தியையும் தம் மகவுபோல் உடன்கொண்டு செல்லும் காட்சியைக் காட்டும். நெய்தல் நிலத்துக் குடும்பத்தைச் சங்கப் புலவர் தொழிலாலும் விருந்தாலும் பிரிவின் இரங்கலாலும் அறிந்தனர். இறைநம்பிக்கையால் ஓர் இல்லத்தின் உள்ளம் மாறும் முறையை விரித்துரைத்தல் அவர்தம் நோக்கமன்று. அந்நோக்கமுடைய பெருங்காப்பியம் ஒன்று, இதே கரையில் மரக்காணத்திற்குத் தெற்கே ஒரு நாள் நடைத் தொலைவிலுள்ள புதுச்சேரியில், 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக அச்சேறியது. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியே அது.

மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தின் தலைவன் வளன் எனப் பெறும் சூசை. அவன் தாவீது மன்னன் மரபினன். ஆயினும் முடி சூடி நாடாண்டவன் அல்லன். படை நடத்தியவனும் அல்லன். மரவேலை செய்து மனை காத்த தச்சன். இல்லறத்தானைக் காப்பியத் தலைவனாக்கிய இத்துணிவு போதிய அளவு ஆராயப்பெறவில்லை. கம்பர், திருத்தக்கதேவர் ஆகியோரின் செல்வாக்கையும் அணி நலத்தையும் ஆராய்ந்த அளவிற்கு, இக்காப்பியத்தின் குடும்பக் கோட்பாட்டை ஆராய்ந்தோர் இலர் எனலாம். அக்கோட்பாடு யாது என்பதே ஈண்டு நம் வினா.

இவ்வினாவைத் தொடும்போதே ஒரு தடை எழும். வளனும் மரியாளும் மணம் புரிந்தும் கன்னிமை காப்பவர்கள். ஆறாம் படலத்தின் பெயரே ஈரறம் பொருத்து படலம் என்பது. இல்லறமும் துறவறமும் ஒருங்கே பொருந்திய வாழ்வு அங்குப் பேசப்படுகின்றது. எனவே, துறவியாகிய ஆசிரியர் துறவறத்திற்கே இல்லறம் என்னும் போர்வையைப் போர்த்தினார் என்று ஒருவர் கூறலாம். இத்தடையை எளிதில் தள்ளிவிடல் தகாது. ஆறாம் படலத்தை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பதாயின் அக்கூற்று பெரிதும் பொருந்தும். அங்கே இருவரும் கொள்கையுரை நிகழ்த்துகின்றனரேயன்றி, கணவனும் மனைவியுமாய் நம்முன் நிற்கின்றிலர்.

ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை நோக்குதல் வேண்டும். முன்னர்ப் பால மாட்சிப் படலத்தில், துறவு வேட்டுக் கானகம் நாடிய இளைய வளனை வானவன் ஒருவன் தெருட்டி ஊருக்கே மீட்கின்றான். மக்களிடையே வாழ்ந்து அறம் செய்தலே அவனுக்கு விதித்த நெறியாகின்றது. இல்லறவியலைத் துறவறவியலுக்கு முன்வைத்த வள்ளுவரின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் முனிவர் என்பதை இங்கு நினைதல் தகும். குறளின் ஒழுங்கு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது எனக் கருத இடமுண்டு.

பின்னர் வருவன ஐயந் தோற்று படலமும் ஐயம் நீங்கு படலமும் ஆம். மரியாள் கருவுற்றிருத்தலை வளன் காண்கின்றான், காரணம் அறியான். மத்தேயு நற்செய்தி சில அடிகளில் கூறி முடித்த இந்நிகழ்ச்சியை முனிவர் இரு படலங்களாக விரித்தார். அவ்விரிவே அவர்தம் கருத்தைக் காட்டும் சான்று. கண்ட காட்சி ஒருபுறம் ஈர்க்க, மனைவியின் தூய்மையை அறிந்த நெஞ்சு மறுபுறம் ஈர்க்கின்றது. அவன் அவளைப் பழி தூற்றவில்லை. பிரிந்து போகத் துணிகின்றான். இல்லத்தை விட்டு நீங்குதலே தூய வழி எனத் தோன்றும் அவ்வேளையில், வானவன் கனவில் தோன்றி உண்மை உணர்த்துகின்றான். வளன் மனைக்கண்ணே தங்குகின்றான்.

இவ்விடத்தே அவன் முழுமையும் இல்லறத்தான். ஐயமும் அச்சமும் ஒருவர்க்கொருவர் சொல்லொணா மௌனமும் எல்லா மனைகளுக்கும் உரியன. ஒருமுறை கானகத்திலிருந்தும் மறுமுறை மனைவாயிலிலிருந்தும் வளன் மீட்கப்படுகின்றான். முனிவர் காட்டும் ஆன்ம மாற்றம் இல்லத்தை விட்டு வெளியேறுதல் அன்று. வெளியேற எண்ணியவன் புதிய கண்ணோடு அதனுள்ளேயே நிலைத்தல். இக்கோட்பாடு கன்னிமை காப்போர்க்கு மட்டுமன்றி மனையறம் பூண்ட அனைவர்க்கும் பொருந்துவது.

கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். வைணவக் குடியில் பிறந்து 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற அவர், 1894இல் வெளியிட்ட அக்காப்பியத்தில் பெரிதும் பனியன் எழுதிய பயண நூலின் முதற் பாகத்தையே தழுவினார். அதன் பயணி மனைவி மக்களை விட்டுத் தனியே நகர் நீங்குகின்றான். சுற்றத்தார் வழியினின்று வேறு வழி சென்ற ஒருவர்க்கு அக்கதை நெருக்கமாய் அமைந்ததில் வியப்பில்லை. அங்கு மாற்றம் வழியில் நிகழ்கின்றது. தேம்பாவணியிலோ மனையில் நிகழ்கின்றது. இரண்டும் உண்மையே. எனினும் குடும்ப வாழ்வைப் பற்றிக் கேட்போர்க்கு விடை தருவது பின்னதே.

குறை ஒன்றும் கூறல் வேண்டும். இப்பகுதியில் மாறுவது கணவன் உள்ளம் மட்டுமே. மறைபொருளை வெளியிடாது பொறுத்திருக்கும் மரியாள் தொடக்கத்திலேயே நிறைவுற்றவளாதலின், அவளுக்கு வளர்ச்சி இல்லை. நெய்தல் பாட்டில் தலைவியின் இரங்கலைக் கேட்டுப் பழகிய நாம், இங்கே ஆடவன் இரங்கலைக் கேட்கின்றோம், அது புதுமையே. ஆனால் அவன் ஐயத்தைத் தாங்கி நின்ற பெண்ணின் துயர், அவன் துயருக்கு ஒத்த அளவில் வளர்ந்திலது. வணங்கத்தக்கவளாய் அவளை உயர்த்திய பத்தியே அவளை மனைவியாய்க் காட்டுதற்குத் தடையாயிற்று.

மரக்காணத்துப் பாத்திகளில் கடல்நீர் தேங்கி, நாள்தோறும் வெயிலில் செறிந்த பின்னரே உப்பாய்ப் படியும். இடையில் மழை ஒன்று பெய்யின் உழைப்பெல்லாம் கரையும்; மீண்டும் தொடங்க வேண்டும். கணவனும் மனைவியுமாய் உப்பளத்தில் உழைப்போர் இதனை அறிவர். இறுதியாகிய முடிசூட்டு படலத்தில் வளன் பெறும் வானுலக முடி, ஒரு நாள் கனவின் பயன் மட்டுமன்று. ஐயத்திலும் வறுமையிலும் மனையை விடாது காத்த நெடுநாள் பொறுமையின் பயன். காப்பியத்தை இவ்வாறு பயிலின், தச்சன் ஒருவனை முனிவர் தலைவனாகக் கொண்டமையின் காரணம் இனிது விளங்கும்.